மர்ஃபியின் நீலப் புத்தகமும் ஒப்பீட்டு வினையடையும்

ரேமண்ட் மர்ஃபி எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1985இல் முதன்முதலாக வெளியிட்ட ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ என்ற நீல அட்டை இலக்கண நூலின் ஐந்தாம் பதிப்பை வாங்கலாமா என்று என்னுடைய மாலை வகுப்புக்கு வருபவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். வாங்கலாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்வது என் வழக்கம். இம்முறை அப்படிச் செய்யாமல், ஒரேயோர் இலக்கணச் செய்தியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வினைச்சொல்லோடு ஒப்பீட்டு வினையடையைச் சேர்த்துப் பிழையின்றி எழுத இந்த நூல் எவ்வளவு தூரம் கற்றுத் தருகிறது என்பதே கேள்வி. நான் திருத்தும் கட்டுரைகளிலும் விண்ணப்பக் கடிதங்களிலும் காலப் பிழைகளுக்கு அடுத்தபடியாகச் சிவப்பு மையை அதிகம் குடிப்பது இந்த இடம்தான். ‘அவன் என்னைவிட வேகமாக ஓடுகிறான்’ என்று தமிழில் தடையில்லாமல் சொல்லிவிடுகிற ஒருவர், அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று இடங்களில் தடுமாறுகிறார்.

என்னிடம் இந்நூலின் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று, 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பு. மற்றொன்று, நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய நான்காம் பதிப்பின் பழைய பிரதி. வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் முந்தைய உரிமையாளர் பல பயிற்சிகளைப் பேனாவால் நிரப்பி வைத்திருப்பது தெரிந்தது. ஏமாந்துவிட்டோம் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அவர் எழுதியிருந்த விடைகளைப் படித்தபோது எரிச்சல் போய்விட்டது. பெயர் தெரியாத அந்த மனிதர், ஓரங்களில் எழுதியிருக்கும் தமிழ்ப் பொருள்களை வைத்துப் பார்த்தால், நம்மைப் போல் தமிழ்வழியில் படித்தவர். அவருடைய பிழைகள் என் மாணவர்களின் பிழைகளே. இந்த மதிப்புரையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

நூலின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். 145 பாடங்கள், ஒவ்வொன்றும் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில் முடிந்துவிடும். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. விளக்கத்தில் இலக்கணக் கலைச்சொற்கள் மிகக் குறைவு, எடுத்துக்காட்டுகள் அதிகம். தனியாகப் படிப்பவர் விடைகள் சேர்ந்த பதிப்பைத்தான் வாங்க வேண்டும். விடைகள் இல்லாத பதிப்பும் வகுப்பறைகளுக்காகத் தனியே அச்சாகிறது, அட்டையைச் சரியாகப் பார்க்காமல் அதை வாங்கிவிட்டுப் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஒப்பீட்டு வடிவங்கள் 105ஆம் பாடத்தில் தொடங்குகின்றன. பெயரடையையும் வினையடையையும் பிரிக்காமல் ஒரே பாடத்தில் சேர்த்தே மர்ஃபி சொல்லிவிடுகிறார். குறுஞ்சொற்களுக்கு ‘அர்’ என்ற ஈறு, நீண்ட சொற்களுக்கும் ‘லி’ என்று முடியும் வினையடைகளுக்கும் முன்னால் ‘மோர்’. ஆகவே ‘ஃபாஸ்ட்’ என்பது ‘ஃபாஸ்டர்’ ஆகும். ‘கேர்ஃபுலி’ என்பது ‘மோர் கேர்ஃபுலி’ ஆகும். ‘ஏர்லி’ மட்டும் ‘லி’யில் முடிந்தாலும் ‘ஏர்லியர்’ என்று போகும். ‘வெல்’ என்பதற்கு ‘பெட்டர்’, ‘பேட்லி’ என்பதற்கு ‘வர்ஸ்’, ‘ஃபார்’ என்பதற்கு ‘ஃபர்தர்’. விதி இவ்வளவுதான், அதை அரைப் பக்கத்தில் அவர் தெளிவாக முடித்துவிடுகிறார். ஆனாலும் நம் முந்தைய உரிமையாளர் இந்தப் பாடத்தின் பயிற்சியில் ‘மோர் ஃபாஸ்டர்’ என்று இரண்டு முறை எழுதி, இரண்டாவது முறை எழுதியதை அடித்துவிட்டு, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறார்.

அது அவருடைய கவனக்குறைவு அன்று. தமிழில் ‘வேகமாக’ என்ற சொல் ஒப்பீட்டில் சிறிதும் மாறுவதில்லை. ‘அவன் வேகமாக ஓடுகிறான்’, ‘அவன் என்னைவிட வேகமாக ஓடுகிறான்’ ஆகிய இரண்டிலும் வினையடை ஒன்றேதான். ஒப்பீடு முழுவதையும் ‘விட’ தன் தோளில் சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டு இடங்களில் அடையாளம் வேண்டும்: வினையடை தன் உருவத்தை மாற்ற வேண்டும், அதற்குப் பின் ‘தேன்’ வர வேண்டும். (தமிழெழுத்தில் எழுதினால் இச்சொல் இனித்துவிடுவது தற்செயல், படிப்பவர்களுக்கு அது அப்படி இனிப்பதில்லை.) தமிழ் மனம் ‘விட’ என்பதற்குச் சமமாகத் ‘தேன்’ ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்கிறது, அதனால் ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட் தேன் மீ’ என்று எழுதுகிறது. அதைத் திருத்தியவுடன், எதற்கும் இருக்கட்டும் என்று ‘மோர்’, ‘அர்’ இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இப்படி இரட்டை ஒப்பீடு எழுதுவது இயல்பாகவே இருந்தது என்று சொல்லி மாணவர்களைத் தேற்றலாம். ஆனால் இன்றைய தேர்வுத்தாளில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும். உலகம் முழுவதுக்குமாக எழுதப்பட்ட நூல் ‘விட’ என்ற சொல்லைப் பற்றிப் பேச முடியாது. அந்த இடைவெளியை ஆசிரியரோ படிப்பவரோதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. அது ‘ஆக’ என்ற ஈற்றில் இருக்கிறது. ‘அவள் மகிழ்ச்சியாகப் பாடினாள்’ என்பதிலும் ‘அவள் மகிழ்ச்சியாகத் தெரிந்தாள்’ என்பதிலும் நாம் ஒரே சொல்லையே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது, பாடிய விதத்தைச் சொல்வதால் வினையடை; இரண்டாவது, அவளுடைய நிலையைச் சொல்வதால் பெயரடை. ஆகவே ஒப்பீட்டிலும் ‘ஷி சேங் மோர் ஹேப்பிலி’ என்று ஒன்றும், ‘ஷி லுக்ட் ஹேப்பியர்’ என்று மற்றொன்றும் வரவேண்டும். எந்த வடிவம் வரும் என்பதைத் தீர்மானிப்பது அடைமொழி அன்று, வினைச்சொல். ‘லுக்’, ‘ஃபீல்’, ‘சவுண்ட்’, ‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’, ‘சீம்’ போன்ற வினைகள், இன்ன நிலையில் இருப்பதாகத் தோன்றுகிறது என்ற பொருளில் வரும்போது, வினையடையை ஏற்பதில்லை. ‘இன்றைக்கு ரசம் ருசியாக இருக்கிறது’, ‘குரல் தெளிவாகக் கேட்கிறது’, ‘நேற்றைவிடச் சோர்வாக உணர்கிறேன்’ என்று ‘ஆக’ போட்டே பேசிப் பழகிய நமக்கு, ‘லி’ ஈறு தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்த இணைப்பு வினைகளை மர்ஃபி 99ஆம் பாடத்தில் விளக்கிவிடுகிறார்; 100ஆம் பாடத்தில் பெயரடைக்கும் வினையடைக்கும் உள்ள வேறுபாடு வருகிறது; 101இல் ‘ஹார்ட்’, ‘லேட்’, ‘ஃபாஸ்ட்’ போன்று உருமாறாத வினையடைகள் வருகின்றன. மூன்றும் மிக நன்றாக எழுதப்பட்ட பாடங்கள். ஆனால் 105ஐத் திறக்கிறவர் அவற்றைத் தாண்டி ஐந்தாறு பாடங்கள் வந்துவிட்டிருப்பார், அல்லது தேர்வு அவசரத்தில் நேரடியாக 105இல் குதித்திருப்பார். என் பழைய பிரதியின் உரிமையாளர் இரண்டாவது வகை போலும். 99 முதல் 101 வரை பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. அதன் பலனாக 105இல் ‘ஷி வொர்க்ஸ் மோர் ஹார்ட்லி’ என்று ஓரத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்திருக்கிறார். ‘ஹார்ட்லி’ என்றால் ஏறக்குறைய இல்லை என்று பொருள். அதிகமாக உழைக்கும் ஒருத்தியைப் பாராட்டப் புறப்பட்டவர், அவளை வேலைக்கு வராதவள் ஆக்கிவிட்டார். ‘வொர்க்ஸ் ஹார்டர்’ என்பதே வேண்டியது.

அடுத்த சிக்கல், வினையடை எங்கே நிற்க வேண்டும் என்பது. ‘அவள் என்னைவிடச் சரளமாக ஆங்கிலம் பேசுகிறாள்’ என்ற தமிழ் வரிசையை அப்படியே பின்பற்றி, ‘ஷி ஸ்பீக்ஸ் மோர் ஃப்ளுவென்ட்லி இங்கிலீஷ்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது என்ற விதியை 109ஆம் பாடம் சொல்கிறது. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் மோர் ஃப்ளுவென்ட்லி’ என்றுதான் வர வேண்டும். ஒப்பீட்டைக் கற்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய இந்தச் செய்தி, நான்கு பாடங்கள் தள்ளிச் சொல்வரிசை என்ற வேறு தலைப்பில் கிடைக்கிறது. ஒரு பாடத்துக்கு இரண்டே பக்கங்கள் என்ற கட்டுக்கோப்பின் விலை இது. செய்தி எல்லாம் நூலில் இருக்கிறது, ஓரிடத்தில் இல்லை.

இப்போது ‘தேன்’ என்பதற்குப் பின்னால் என்ன வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். எழுத்து ஆங்கிலத்தைப் பொறுத்தவரை வினைச்சொல்லின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. மர்ஃபி எனக்குப் போதாமல் போவதும் இங்கேதான். 107ஆம் பாடத்தின் கடைசிப் பகுதியில், ‘தேன் மீ’ என்றும் சொல்லலாம், ‘தேன் ஐ ஆம்’ என்றும் சொல்லலாம் என்று இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, ‘தேன் ஐ’ என்று தனியாக நிறுத்துவது வழக்கமில்லை என்று குறிப்பிட்டு, நான்கைந்து எடுத்துக்காட்டுகளோடு முடித்துக்கொள்கிறார். பேச்சுக்கு அது போதும். நம் ஊரில் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணத்தைப் படித்து வளர்ந்த மூத்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ‘தேன்’ என்பதற்குப் பின் மறைந்திருக்கும் வினையை மனத்தில் நிரப்பிப் பார்த்து, ‘ஐ’யா ‘மீ’யா என்று முடிவு செய்யும்படி அந்தப் புத்தகம் அவர்களுக்குக் கற்பித்தது. அந்த வாதம் அதற்கும் முந்தியது. பின்னாளில் லண்டன் ஆயராக இருந்த ராபர்ட் லோத், 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அதையே சொன்னார். இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாணவருக்கு நான் சொல்வது எளிது: எழுதும்போது துணைவினையைச் சேர்த்துவிடுங்கள், சண்டை தீர்ந்துவிடும். ‘தேன் ஐ டூ’ என்று எழுதினால் எந்தக் கட்சிக்காரரும் குறை சொல்ல முடியாது.

துணைவினை வெறும் மரியாதைக்காக வருவதன்று, பொருளைக் காப்பாற்றுவதற்காகவும் வருகிறது. ‘ஷி ட்ரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் மீ’ என்ற வாக்கியத்தில், நான் அவனை நம்புவதைவிட அவள் அவனை அதிகம் நம்புகிறாளா, என்னை நம்புவதைவிட அவனை அதிகம் நம்புகிறாளா? தமிழில் ‘நான் நம்புவதைவிட’, ‘என்னை நம்புவதைவிட’ என்று வினையையே பெயராக்கி ஐயத்தைத் தீர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைத் ‘தேன் ஐ டூ’ என்ற சின்னத் துணைவினை செய்கிறது. மற்றப் பொருள் வேண்டுமானால் ‘தேன் ஷி ட்ரஸ்ட்ஸ் மீ’. ‘நான் ஓடுவதைவிட’ என்ற தமிழ் வழக்கை அப்படியே கொண்டுபோய் ‘தேன் மை ரன்னிங்’ என்று எழுதுபவர்களை நான் கேலி செய்வதில்லை. அவர்கள் தமிழில் சரியாக யோசித்திருக்கிறார்கள்.

எந்தத் துணைவினை என்பதை முதல் வினையே சொல்லிவிடும். ‘ஃபினிஷ்ட் ஏர்லியர்’ என்றால் ‘தேன் ஐ டிட்’. ‘கேன் டைப் ஃபாஸ்டர்’ என்றால் ‘தேன் ஐ கேன்’. ‘ஹேஸ் ட்ராவல்ட் மோர் வைட்லி’ என்றால் ‘தேன் ஐ ஹேவ்’. காலம் மாறினால் துணைவினையும் மாறும்: ‘ஹி வொர்க்ஸ் ஹார்டர் நௌ தேன் ஹி டிட் லாஸ்ட் இயர்’. இந்த ஒற்றுமையைப் பழக்கப்படுத்துவதற்கு இருபது வாக்கியங்கள் கொண்ட தனிப் பயிற்சி வேண்டும். இந்நூலில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறிது.

எழுத்தில் இன்னொரு பிழை இதே இடத்தில் பதுங்கியிருக்கிறது. ‘மதுரையில் சென்னையைவிட வேகமாகப் பேசுகிறார்கள்’ என்பது குறையில்லாத தமிழ். அதையே ‘பீப்பிள் இன் மதுரை ஸ்பீக் ஃபாஸ்டர் தேன் சென்னை’ என்று எழுதினால், மதுரை மக்களும் சென்னை மாநகரமும் பேச்சுப் போட்டியில் இறங்கியதாகிவிடும். ‘தேன் பீப்பிள் இன் சென்னை டூ’ என்று ஒப்பிடப்படும் பொருளும் வினையும் தெளிவாக வர வேண்டும். ‘விட’ என்பது எதன்மேல் ஏறினாலும் தமிழ் வாசகர் எஞ்சியதைத் தாமே நிரப்பிக்கொள்வார். ஆங்கில வாசகர், குறிப்பாக உங்கள் கட்டுரைக்கு மதிப்பெண் போடுகிறவர், அந்தச் சிரமத்தை மேற்கொள்ள மாட்டார்.

106ஆம் பாடத்தைப் பற்றிக் குறைசொல்ல எதுவுமில்லை. ஒப்பீட்டை மிகைப்படுத்த ‘வெரி’ வராது, ‘மச்’, ‘ஃபார்’, ‘எ லாட்’ வரும்; சிறிதளவைக் காட்ட ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’ வரும். ‘மிக’ என்ற ஒரே சொல்லால் காலம் தள்ளுகிற நாம் ‘வெரி ஃபாஸ்டர்’ என்று எழுதுவதைத் தடுக்க இந்தப் பக்கம் ஒன்றே போதும்.

நடையின் நுட்பங்களைத் தேடுகிறவர் இந்நூலில் நிறைவடைய மாட்டார். ‘ட்ரைவ் ஸ்லோவர்’ என்று பேச்சில் தாராளமாகச் சொல்கிறார்கள்; அலுவலக அறிக்கையில் ‘மோர் ஸ்லோலி’ என்று எழுதுவதே பொருத்தம். ‘குவிக்கர்’, ‘மோர் குவிக்லி’ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். நூலின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் உரையாடல் தொனியில் அமைந்தவை. அது அதன் பலம், கடிதமும் கட்டுரையும் எழுதப் பழகுகிறவருக்கு அதுவே குறை. என் வகுப்பில் இதை விளக்க ஒலிம்பிக் குறிக்கோளை எடுத்துக்கொள்வேன். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபெர்த்தான் 1894இல் முன்மொழிந்த ‘சிட்டியஸ், ஆல்டியஸ், ஃபோர்டியஸ்’ என்ற இலத்தீன் சொற்கள் மூன்றும் ஒப்பீட்டு வினையடைகளாக நிற்பவை. ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்’ என்று ஆனபோது முதல் இரண்டும் வினையடைகளாகவும் நிற்கக் கூடியவை, மூன்றாவது பெயரடை மட்டுமே. வினையடையாக வேண்டுமானால் ‘மோர் ஸ்ட்ராங்லி’ என்றாக வேண்டும், அதை யார் பதாகையில் எழுதுவார்கள்? 2021இல் ‘டுகெதர்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அது வினையடைதான், ஆனால் ஒப்பீட்டில் இல்லை. ஒரே வரியில் இத்தனை வகையும் கிடைக்கும்போது விட்டுவிட மனம் வருவதில்லை.

ஒப்பீட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வினையான ‘ப்ரிஃபர்’ 59ஆம் பாடத்தில் இருக்கிறது. ‘ப்ரிஃபர் டீ மோர் தேன் காஃபி’ என்று எழுதும் பழக்கமுள்ளவர்கள் அங்கே போய் ‘ப்ரிஃபர் டீ டு காஃபி’ என்பதைப் பார்த்துக்கொள்ளட்டும். ‘ஹேட் பெட்டர்’ 35இல் இருக்கிறது. அதில் உள்ள ‘பெட்டர்’ எதையும் ஒப்பிடுவதில்லை, அறிவுரை சொல்கிறது. ‘பெட்டர் யூ கோ’ என்று நாம் சொல்வதை அதனோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

வலப்பக்கப் பயிற்சிகளில் பல கோடிட்ட இடத்தை நிரப்பும் வகையைச் சேர்ந்தவை. சொல்லைக் கொடுத்து வடிவத்தை மட்டும் கேட்பதால், முழுமதிப்பெண் எடுக்கிற ஒருவர் சொந்த வாக்கியம் எழுதும்போது பழைய பிழைக்கே திரும்பிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், அதே வினையையும் வினையடையையும் வைத்துத் தம் வீடு, வேலை, ஊர் பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் ‘தேன்’ என்பதற்குப் பின் துணைவினை இருந்தாக வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு: இந்தியச் சந்தைக்கென்று தனி விலையில் அச்சாகும் பதிப்பே போதுமானது. நான்காம் பதிப்பு வைத்திருப்பவர்கள் இந்த ஒரு செய்திக்காக ஐந்தாவதை வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பாட எண்கள் இரண்டிலும் ஒன்றே. படிக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 99, 100, 101 மூன்றையும் முதலில் முடித்துவிட்டு, 109ஐ இடையில் செருகி, அதன்பின் 105, 106, 107 என்று வாருங்கள். நூல் கற்பிப்பது பிரித்தானிய ஆங்கிலம். அமெரிக்க வழக்கு எங்கே மாறுகிறது என்பதற்குக் கடைசியில் ஒரு பின்னிணைப்பு உண்டு. அடிப்படையே ஆட்டம் காண்கிறவர்கள் நீலத்தை விட்டுவிட்டு, இதே ஆசிரியர் தொடக்கநிலையினருக்காக எழுதிய சிவப்பு அட்டைப் புத்தகத்தில் தொடங்குவது நல்லது.

என் பழைய பிரதியில் பேனா 107ஆம் பாடத்தோடு நின்றுவிடுகிறது. கடைசிப் பயிற்சியில் ‘தேன்’ என்பதற்குப் பிறகு ‘ஐ’ என்று எழுதி அடித்து, ‘மீ’ என்று எழுதி அடித்து, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். சென்ற மாதம் அந்தப் பிரதியை இரவல் வாங்கிப் போன மாணவி திருப்பிக் கொடுத்தபோது, கேள்விக்குறிக்குக் கீழே பென்சிலால் ‘ஐ டூ’ என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தில் வினை ‘கேன்’; ‘ஐ கேன்’ என்று வந்திருக்க வேண்டும். நான் இன்னும் திருத்தவில்லை, அடுத்த வகுப்பில் அதையே கேள்வியாகக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.